அறுவைக்குப் பின் புண் பழுத்தால்: சட்டம் தரும் வழிகள்

(தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்கு வந்து, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்திருக்கும் வேளையிலும் இம்மண்டபத்தில் கூடியிருக்கின்றீர்கள். ஆகவே, சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருவோம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குப் புண் பழுத்துச் சீழ் வைத்து, அதனால் உடலும் பிழைப்பும் கெடுமானால், அவர் எங்கே செல்வது, என்ன கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பதே இன்று நாம் பேசவிருக்கும் பொருள்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் பழகிய ஒரு குடும்பத்தின் கதையை முதலில் சொல்கின்றோம். கணவர், பால் வாளி தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் கண்டவர். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அறுவை நடந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியது. மீண்டும் போய்க் காட்டினர்; மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் தையல் பிரிந்து சீழ் கொட்டியது. அதன்பின் இரண்டு முறை அறுவை. மூன்று மாதம் மருத்துவமனைக் கட்டில். உயிர் பிழைத்தார். ஆனால், பழையபடி வாளி தூக்கும் வலு உடம்புக்கு வரவில்லை. வேலை போயிற்று. மனைவியின் சம்பளம் ஒன்றிலேயே குடும்பம் ஓடவேண்டியதாயிற்று.

அவ்வம்மையார் வாளாவிருக்கவில்லை. மகனைக் கொண்டு மலாய் மொழியில் மனு எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினார். விசாரிப்பதாகப் பதில் வந்தது. மீண்டும் எழுதினார், மீண்டும் பதில் வந்தது. இவ்வாறே மூன்று ஆண்டும் ஏழு மாதமும் சென்றபின், நாம் அவர்களை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றோம். அறுவை நடந்த தேதி எது என்பது அவருடைய முதல் கேள்வி. கையில் என்ன தாள்கள் உள்ளன என்பது இரண்டாம் கேள்வி. தேதியைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தாள்களோ, முந்திய ஆண்டுப் போகியன்று பழம்பாயோடு சேர்ந்து எரிந்து போயிருந்தன.

"நாங்கதான் விடாம எழுதிக்கிட்டே இருந்தோமே சார், அது கணக்கில்லையா?" என்று அவ்வம்மையார் கேட்டார்.

அது கணக்கில் வராது என்பதே சட்டத்தின் விடை. அந்த மருத்துவமனை தவறு செய்ததா இல்லையா என்பதை இன்றுவரை எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை. ஆராயும் காலம் கடந்துவிட்டது. இப்படியொரு விடை இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கலாகாது என்பதற்காகவே இவ்வுரை.

புண் பழுப்பது எதனால்?

உடம்பைக் கத்தி திறக்கும் இடமெல்லாம் கிருமி நுழையும் வாசலாகும். 1867ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் தூய்மை செய்து, அழுகிச் சாவோரின் தொகையைக் குறைத்துக் காட்டினார். அதன்பின் அறுவைக் கூடங்களின் முறையே மாறிற்று. எனினும், கிருமி அடியோடு ஒழிந்துவிடவில்லை. நம் தோலிலும் குடலிலும் அது குடியிருக்கின்றது. இனிப்பு நீர் உள்ளவர், புகை பிடிப்பவர், உடல் மிகப் பருத்தவர், சத்துக் குறைந்தவர் ஆகியோருக்குப் புண் பழுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி.

பொதுவாக, அறுவை நடந்த 30 நாளுக்குள் இது தலைகாட்டும். இரும்புத் தகடு, வலை போன்றவற்றை உடலுக்குள் வைத்துத் தைத்திருந்தால், சில அறுவைகளில் 90 நாள் வரையிலும் கவனமாயிருத்தல் வேண்டும். சிவத்தல், வீங்குதல், தொட்டால் சூடாக இருத்தல், வலி குறையாமல் ஏறுதல், நீரோ சீழோ கசிதல், தீநாற்றம், காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள் பூசிப் பார்ப்போம், சம்பள நாள் கழித்துப் போவோம் என்று காத்திருத்தல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்பது முதற் காரணம். சட்டமும் இரண்டாம் காரணம் ஒன்று காட்டுகின்றது. நோயாளி தம் பங்குக்குக் கவனக்குறைவாக நடந்து தீங்கை வளர்த்துக்கொண்டார் என்று நீதிமன்றம் கருதினால், கிடைக்கவேண்டிய இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைத்துவிடலாம்.

புண் பழுத்தாலே அது தவறாகுமா?

ஆகாது. இதனை உள்ளபடி சொல்லவேண்டியது நம் கடமை. எல்லாக் கவனமும் எடுத்துச் செய்த அறுவையிலும் புண் பழுக்கலாம். பழுத்தது என்ற ஒன்றை மட்டும் காட்டி எவரும் இழப்பீடு பெற்றுவிட இயலாது. மூன்று செய்திகளை மெய்ப்பித்தல் வேண்டும். மருத்துவரோ மருத்துவமனையோ நோயாளியைக் கவனிக்கும் கடமை உடையவர் என்பது ஒன்று. அக்கடமையில் அவர் தவறினார் என்பது இரண்டு. அத்தவறினாலேயே தீங்கு விளைந்தது என்பது மூன்று. முதலாவது எளிது. பின்னிரண்டுமே வழக்கின் உயிர்நாடி.

எவையெல்லாம் தவறாகக் கருதப்படக்கூடும்? கருவிகளை முறையாகத் தூய்மை செய்யாமை. கொடுக்கவேண்டிய கிருமிக்கொல்லி மருந்தை உரிய நேரத்தில் கொடுக்காமை. காய்ச்சலும் சீழும் கண்டு திரும்பி வந்தவரைச் சோதித்துப் பாராமல் அனுப்பிவிடுதல். ஒவ்வாத மருந்து எது என்று கேளாதிருத்தல். பஞ்சையோ துணியையோ உடலுக்குள் விட்டுத் தைத்துவிடுதல். இவற்றுள் கடைசியானது தன் தவற்றைத் தானே கூறுவது போன்றது. மற்றவற்றில், அதே துறையில் தேர்ந்த வேறொரு மருத்துவர் சாட்சியம் கூறவேண்டியிருக்கும்.

ஒரு மருத்துவர் செய்தது சரியா தவறா என்பதை நீதிமன்றம் எப்படி அளக்கின்றது? நோயைக் கண்டறிதலிலும் சிகிச்சை செய்தலிலும், அத்துறையில் தேர்ந்த பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் முறையில் அவர் நடந்தாரா என்று பார்க்கின்றது. ஆனால், அறுவைக்குமுன் ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அளவுகோல் வேறு. 1982ஆம் ஆண்டில் சாலை விபத்துக்குள்ளாகி, அறுவைக்குப் பின் உடல் செயலற்றுப்போன ஒரு பெண்மணியின் வழக்கில், 2006ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி முடிவெடுப்பதற்கு இன்றியமையாத ஆபத்துகளை மருத்துவர் சொல்லியே தீரவேண்டும்; சொல்லாமலிருப்பது மருத்துவர்களின் வழக்கம் என்று கூறித் தப்பலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்விரு அளவுகோல்களும் வெவ்வேறு என்பதை 2017ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆகவே, கையெழுத்து வாங்கவரும் தாளில், புரியாமல் பெயர் எழுதிவிடாதீர்கள். தமிழில் விளக்கக்கூடியவர் எவரேனும் இருக்கின்றாரா என்று கேளுங்கள். இந்த அறுவையில் புண் பழுக்கும் ஆபத்து எவ்வளவு, எனக்கு இனிப்பு நீர் இருப்பதால் அது கூடுமா, வேறு வழி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. உங்கள் பழைய நோய்களையும் ஒவ்வாத மருந்துகளையும் நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏழையின் வழக்கு எடுபடுமா என்று சிலர் ஐயுறலாம். பெனிசிலின் ஒவ்வாது என்று தம் நோயாளி அட்டையிலேயே எழுதப்பட்டிருந்த பணிப்பெண் ஒருவர், அதனை எவரும் கேட்டறியாமல் போட்ட ஊசியால் இந்நாட்டில் உயிரிழந்தார். அவருடைய தாயார் அரசாங்கத்தின்மீதே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1967ஆம் ஆண்டில் தாயாரின் பக்கமே தீர்ப்பாயிற்று.

புகார் செய்யும் வழிகள்

முதல் வழி, மருத்துவமனையிடமே எழுத்து மூலம் புகார் செய்தல். அரசாங்க மருத்துவமனையாயின் அதன் இயக்குநருக்கும், பின்னர் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் எழுதலாம். தனியார் மருத்துவமனையாயின், நோயாளியின் குறைகளைக் கேட்டு விசாரிக்கும் ஏற்பாடு அங்கே இருக்கவேண்டும் என்று 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டம் கட்டளையிடுகின்றது. அங்கு மனநிறைவு கிட்டாவிடில், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் சுகாதார அமைச்சின் பிரிவுக்குச் செல்லலாம். என்ன நடந்தது என்ற விளக்கமும், சில வேளைகளில் சமாதானத் தீர்வும் இவ்வழியில் கிடைக்கும்.

இரண்டாம் வழி, மலேசிய மருத்துவ மன்றம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் இம்மன்றம், ஒரு மருத்துவரின் தொழில் ஒழுங்கை விசாரித்து, அவரைக் கண்டிக்கலாம். சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தலாம். பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆனால், நோயாளிக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாமே என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. பழுதான விசிறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அது ஏற்ற இடமே. மருத்துவச் சேவைகளை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருப்பதால், அங்கே சென்று நாளை வீணாக்க வேண்டா.

நீதிமன்ற வழி

இழப்பீடு வேண்டுவோர் உரிமையியல் வழக்குத் தொடுத்தல் வேண்டும். 10 இலட்சம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். அதற்கு மேற்பட்டவை உயர்நீதிமன்றத்துக்கு உரியவை. மறு அறுவைக்கான செலவு, இனி ஆகவிருக்கும் மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கோரலாம். நோயாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்காக 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம்.

யார்மீது வழக்கு? அரசாங்க மருத்துவமனையில் ஊழியர் தவறியிருந்தால், அவரோடு அரசாங்கமும் பொறுப்பேற்கும் என்பது 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் ஏற்பாடு. இன்ன ஊழியர் தவறினார் என்று காட்டவேண்டியிருப்பதால், உங்களைக் கவனித்த மருத்துவர், தாதியர் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். தனியார் மருத்துவமனைகள், மருத்துவர் எங்கள் ஊழியரல்லர், தனித்துத் தொழில் நடத்துபவர் என்று சொல்லி ஒதுங்குவது முன்னாளில் வழக்கம். அவ்வாறு கூறி மருத்துவமனை தன் கடமையிலிருந்து விலக இயலாது என்று 2024ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

காலக்கெடு: மூன்றாண்டும் ஆறாண்டும்

இவ்வுரையில் வேறெதனை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். தீபகற்ப மலேசியாவில், அரசாங்க மருத்துவமனைமீது வழக்குத் தொடுக்க 36 மாதமே கெடு. 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு வரையறுக்கின்றது. தனியார் மருத்துவமனையாயின், 1953ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டப்படி ஆறு ஆண்டு. இறந்தவரை நம்பியிருந்தோருக்கான வழக்கை, இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்கவேண்டும்.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில் வழக்கறிஞர்களே வாதிடுவதுண்டு. நமக்கு அந்த வாதம் வேண்டா. அறுவை நடந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். அதுவே பாதுகாப்பு. நீங்கள் எழுதும் புகாரும், மருத்துவமனை அனுப்பும் பதிலும், நடக்கும் விசாரணையும் இக்கெடுவை ஒரு நாளும் நீட்டுவதில்லை. நாம் முன்பு கூறிய அம்மையார் இதனை அறியாமலேயே ஏமாந்தார். புகாரும் செய்யுங்கள், அதே மாதத்தில் வழக்கறிஞரையும் பாருங்கள்.

தாள்களைக் காப்பாற்றுங்கள்

பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை நடந்த நாள், வீடு திரும்பிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், திரும்பிப் போய்க் காட்டிய நாள், பார்த்த மருத்துவர், அவர் சொன்ன சொல், கொடுத்த மருந்து ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். புண்ணை நாள்தோறும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நோயாளி அட்டை, மருத்துவ விடுப்புச் சீட்டு, மருந்துச் சீட்டு, பணம் கட்டிய இரசீது, வெளியேறும்போது தந்த குறிப்பு அனைத்தையும் அடையாளக் கார்டு வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். புகார்க் கடிதம் எழுதினால் ஒரு படி எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை அதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் உள்ள நோயாளிக் கோப்பு மருத்துவமனைக்குச் சொந்தம். ஆயினும், உங்கள் சிகிச்சை பற்றிய மருத்துவ அறிக்கையை விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறலாம். கோப்பின் படிகள் தேவைப்படின், வழக்கறிஞர் வழியே கேட்கலாம். அறிக்கை வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகக்கூடும். கெடு முடியும் தறுவாயில் விண்ணப்பித்தால் என்ன பயன்?

வழக்கறிஞரும் செலவும்

வசதி குறைந்தோருக்கென 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் உள்ளது. அதன்படி இயங்கும் அரசாங்கச் சட்ட உதவித் துறையின் அலுவலகத்தில் சட்ட ஆலோசனை கேட்கலாம். வழக்கையே நடத்தித் தருவார்களா என்பது வழக்கின் வகையையும் உங்கள் வருமானத்தையும் பொறுத்தது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. தொழிற்சங்கத்தில் உறுப்பியம் பெற்றிருப்போர், சங்கக் கிளையிலும் ஆலோசனை கேட்கவேண்டும்.

மருத்துவமனை வாசலில் ஆள் பிடிக்கும் தரகர்களிடம் எச்சரிக்கை! வழக்கு வென்றால் கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்துகொள்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கின்றது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். இத்தகைய வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுக்கும். தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் கொடுக்க நேரலாம். ஆகவே, வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டு, வழக்கில் வலு உண்டா என்று தெரிந்த பின்னரே இறங்குவது அறிவுடைமை. வலு இல்லை என்று காலத்தோடு தெரிந்துகொள்வதும் ஒரு நன்மையே. மனம் ஆறும்.

வேலையும் சம்பளமும்

வழக்கு ஒருபுறமிருக்க, புண் ஆறும் வரையில் அடுப்பெரிய வேண்டுமே! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கவேண்டியிருந்தால் 60 நாள். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, இந்த 60 நாள் சாதாரண நோய் விடுப்பில் கழிக்கப்படாமல் தனியாகக் கணக்கிடப்படுகின்றது. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிருவாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லியனுப்புவதோடு நில்லாமல், சீட்டின் படியைக் கிராணியார் கையில் சேர்ப்பியுங்கள்.

வேலையில் பட்ட காயத்துக்காகவோ, வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்துக்காகவோ அறுவை நடந்திருந்தால், சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருப்பின், கணக்கிடப்படும் நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். புண் பழுத்து விடுப்பு நீண்டால், நீண்ட விடுப்புச் சீட்டுகளையும் சொக்சோவிடம் சேர்ப்பிக்க மறவாதீர்கள். முதல் சீட்டோடு நிறுத்திக்கொண்டு பின்னைய நாள்களின் உதவியை இழந்தவர்கள் உண்டு.

பெருமக்களே! மருத்துவரும் தாதியரும் நம் பகைவரல்லர். நம் பிள்ளைகளைப் பிரசவத்தில் கையில் ஏந்தியவர்கள் அவர்களே. பெரும்பாலோர் நள்ளிரவிலும் நம் உயிருக்காக நிற்பவர்கள். தவறு நேர்ந்த இடத்தில் கேள்வி கேட்பது அவர்களைப் பழித்தல் ஆகாது. கேள்வி கேட்கப்பட்ட மருத்துவமனையில் அடுத்த நோயாளிக்குக் கூடுதல் கவனம் கிடைக்கும்.

அந்த அம்மையாரை அண்மையில் ஒரு திருமண வீட்டில் கண்டோம். தம் மருமகளுக்கு அறுவை மூலம் பிரசவம் ஆனதாகவும், எல்லாத் தாள்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிமேல் வைத்திருப்பதாகவும் கூறினார். தாயும் சேயும் நலம். அந்தத் தாள்கள் தேவைப்படவே இல்லை. தேவைப்படாமல் போவதே நம் அனைவரின் விருப்பமும். ஆயினும், வரும் போகிக்கும் அந்த டின் எரியாது என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு டின் இன்றிரவே அலமாரிமேல் ஏறட்டும்.